ஆர்ஓ மெஷின் அஞ்சு வருஷ அனுபவம்: தண்ணி ஓகே, கம்பெனி போன் கால் தான் தாங்கல

தண்ணில உப்பை வடிகட்டுற ஆர்ஓ மெஷின் மாட்டி அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு. மாட்டுன மறுநாளே அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போறவங்க எழுதுறதைப் படிச்சு பிரயோஜனம் இல்ல, அதனாலதான் இவ்ளோ நாள் கழிச்சு எழுதுறேன். கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், சொன்னா அதுக்கும் நாலு கால் வரும்.

மொதல்ல மெஷின். எங்க வீடு சென்னையில மேடவாக்கம் பக்கம், முழுக்க போர் தண்ணி. தண்ணில உப்பு எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டரை விட்டா 1100க்கு மேல காட்டும், கோடையில 1400 கூட தொட்டிருக்கு. குக்கர் அடியில வெள்ளையா படியும், பக்கெட் ஓரத்துல உப்பு பூத்து நிக்கும். தரம் நிர்ணயம் பண்ற அரசு அமைப்பான பிஐஎஸ் கணக்குப்படி குடிக்கிற தண்ணில டிடிஎஸ் 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும் விடலாம், ஆனா 1400ல காபி போட்டா அது காபியாவே இருக்காது. கேன் தண்ணி வாங்கிட்டிருந்தோம், 2020 லாக்டவுன்ல கேன் போடுற பையன் வர முடியாமப் போச்சு, அப்புறம்தான் இதை வாங்குனோம்.

மெஷின்ல குறைன்னு பெருசா சொல்ல முடியாது. வெளிய வர்ற தண்ணி 70, 80 டிடிஎஸ்ல நிக்குது. உள்ள உப்பை வடிகட்டுற மெம்ப்ரேன் எங்க தண்ணிக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல தாங்குச்சு, வெளிய மாட்டுற ஸ்பன் ஃபில்டர் மட்டும் மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும், ஒரு தடவை அடாப்டர் போச்சு, அவ்ளோதான். வேஸ்ட் தண்ணி நிறைய போகும், ஒரு குடம் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு குடம். அதை பக்கெட்ல புடிச்சு வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ வெச்சுக்குறோம். செடிக்கு மட்டும் ஊத்தாதீங்க, உப்பு அதுல இன்னும் கூடத்தான் இருக்கும், எங்க துளசி அதுலதான் கருகிப் போச்சு.

இந்தக் கம்பெனிக்காரங்க ஒண்ணுமே பண்ணாம கைய கட்டிட்டு சும்மா இருந்திருந்தாலே எங்க பக்கத்துல இருந்து இன்னும் ரெண்டு மெஷின் வித்திருக்கும். எப்படி போச்சுன்னு சொல்றேன்.

வாரன்ட்டி ஒரு வருஷம். பத்தாவது மாசத்துல இருந்தே ஏஎம்சி, அதான் வருஷ சர்வீஸ் ஒப்பந்தம், போடுங்கன்னு கால் ஆரம்பிச்சுது. ஒரு நாள் எண்ணிப் பாத்தேன், ஏழு கால், ஏழும் வேற வேற நம்பர். "மேடம் உங்க ஃபில்டர் எக்ஸ்பயரி ஆயிடுச்சு, இந்த தண்ணிய குடிச்சா கிட்னிக்கு ஆகாது"ன்னு ஒரு பொண்ணு பேசுது, நான் ஃபில்டர் மாத்தி அப்ப ஆறு நாள்தான் ஆகுது, மாத்துனதும் அவங்க ஆளுதான். என்னைக்கு மாத்துனாங்கன்னு உங்க சிஸ்டத்துல இல்லையாம்மான்னு கேட்டேன், ஒரு நிமிஷம் மேடம்னு ஹோல்டுல போட்டுச்சு, பாட்டு ஓடுச்சு, கட் ஆயிடுச்சு.

இதுல யாரு உண்மையான கம்பெனி ஆளு, யாரு நம்பரை எங்கயோ வாங்கிட்டு பேசுறவன்னு கண்டுபுடிக்கவே முடியல. எல்லாரும் கம்பெனி பேரைத்தான் சொல்றாங்க, எல்லாருக்கும் என் பேரு, ஏரியா, மாடல் வரைக்கும் தெரியுது. விளம்பர கால் வேணாம்னு 1909ல டிஎன்டி போட்டேன். அது போட்டதும் லோன் காரங்க, பிளாட் காரங்க தொல்லை கொறைஞ்சுது, இவங்க கொறையல, ஏன்னா விளம்பர கால்னா 140ல ஆரம்பிக்கிற நம்பர்ல இருந்துதான் வரணும்னு டெலிகாம் ஆணையம் டிராய் சொல்லியிருக்கு, இவங்க சாதாரண பத்து நம்பர் மொபைல்ல இருந்து பேசுறாங்க. புகார் கொடுத்து ஒரு நம்பரை நிறுத்துனா அடுத்த நம்பர்.

கடைசில என்னாச்சுன்னா தெரியாத நம்பர் எதுவா இருந்தாலும் எடுக்குறதில்லன்னு ஆயிடுச்சு. அடாப்டர் போனப்ப நானே கம்ப்ளைன்ட் போட்டேன், டெக்னீஷியன் நிஜமாவே மூணு தடவை கூப்பிட்டிருக்காரு, வழக்கமான தொல்லைன்னு நான் கட் பண்ணி விட்டேன், கஸ்டமர் நாட் ரீச்சபிள்னு போட்டு கம்ப்ளைன்டை குளோஸ் பண்ணிட்டாங்க. மறுபடி கேன் தண்ணி, நாலு நாள்.

இவ்ளோ ஆன அப்புறமும், மெஷின் நல்லா இருக்கேன்னு, போன வருஷம் அம்மா வீட்டுக்கும் இதே கம்பெனிதான் பாத்தேன். என்னை லூசுன்னு சொல்லலாம். அவங்க சைட்டுக்குப் போனா விலையே தெரியல, விலை வேணும்னா நம்பர் கொடுங்கன்னு நிக்குது. கொடுத்தேன். 24,000 அடிச்சுட்டு 12,999, ஆஃபர் முடிய இன்னும் 14 நிமிஷம்னு கடிகாரம் ஓடுது. ரீஃப்ரெஷ் பண்ணேன், மறுபடி 15ல இருந்து ஓடுது. கார்ட்ல நான் போடாமலே எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி 1,800 ரூபா டிக் ஆகி உக்காந்திருக்கு. அதை எடுத்தா ஒரு பாக்ஸ் வருது, கீழ பட்டன்ல "வேண்டாம், என் குடும்ப ஆரோக்கியத்துல ரிஸ்க் எடுக்குறேன்". எங்க அம்மாவுக்குத்தான்டா வாங்குறேன்! இதுக்கெல்லாம் டார்க் பேட்டர்ன்னு பேரு வெச்சு, 13 வகை பட்டியல் போட்டு, 2023 நவம்பர் 30ல மத்திய அரசு தடை பண்ணியாச்சு. பொய் அவசரம், கூடையில திருட்டுத்தனமா சேக்குறது, வேணாம்னா குத்திக் காட்டுறது, மூணுமே அந்தப் பட்டியல்ல இருக்கு. ஒரே ஸ்க்ரீன்ல மூணையும் பாத்துட்டேன்.

வாங்காம மூடிட்டேன், ஆனா நம்பர் போயிடுச்சே. அரை மணி நேரத்துல கால், ஃப்ரீ டெமோ மேடம், வாங்கணும்னு கட்டாயம் இல்ல மேடம். சரி அம்மா வீட்டுக்கே வரச் சொன்னேன், நங்கநல்லூர். எம் பொண்ணும் கூட வந்தா, ப்ளஸ் டூ படிக்கிறா.

டெமோ காட்ட வந்த பையன் நல்ல பையன்தான், டை எல்லாம் கட்டிட்டு, வெயில்ல பைக்ல வந்திருந்தான். அம்மா மோர் கொடுத்தாங்க. ரெண்டு கண்ணாடி டம்ளர் கேட்டான். ஒண்ணுல குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவன் பாட்டில்ல கொண்டு வந்த ஆர்ஓ தண்ணி. கம்பி கம்பியா இருக்குற ஒரு சாமானை ரெண்டுலயும் முக்கி கரண்ட்ல சொருகுனான். ஒரு நிமிஷம் கூட ஆகல, குழாய்த் தண்ணி பச்சையாகி, அப்புறம் துரு கலர்ல நுரை கட்டி மேல வருது, ஆர்ஓ தண்ணி அப்படியே பளிங்கு மாதிரி. "இதைத்தான் பாட்டி இத்தனை வருஷமா குடிச்சிருக்கீங்க"ன்னான். அம்மா மொகம் செத்துப் போச்சு. அப்பாவுக்கு கடைசில கிட்னிதான் போச்சு, அவங்க அதைத்தான் நெனச்சிருப்பாங்க.

எம் பொண்ணு சமையக்கட்டுக்குப் போயி ஒரு சிட்டிகை உப்பு எடுத்துட்டு வந்தா. "அண்ணா, இதை ஆர்ஓ தண்ணில போட்டு மறுபடி வைங்க." வேணாம் பாப்பா, மெஷின் ரிப்பேர் ஆயிடும்னான். விடல. போட்டு வெச்சா, அதே பச்சை, அதே துரு நுரை, இன்னும் வேகமா. விஷயம் இதுதான், அந்தக் கம்பில ஒண்ணு இரும்பு. தண்ணில உப்பு இருந்தா கரண்ட் பாயும், பாஞ்சா இரும்பு கரைஞ்சு துருவா வரும், உப்பு ரொம்பக் கம்மியா இருக்குற தண்ணில கரண்ட் அவ்வளவா பாயாது, அதனால கலர் வராது. அழுக்கு தண்ணில இருந்து வரல, அவன் கம்பில இருந்து வந்துது.

அவன் ஒண்ணும் பேசல, கம்பிய துணியில தொடச்சு பையில வெச்சான். எனக்கு அவன் மேல கோவம் வரல. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க, மாசத்துக்கு இத்தனை மெஷின்னு டார்கெட் இருக்கும்.

மீட்டரை நானே கொண்டு போயிருந்தேன், அம்மா வீட்டுக் குழாய்ல வர்ற மெட்ரோ தண்ணி டிடிஎஸ் 310தான். 500க்குக் கீழ இருக்குற தண்ணிக்கு ஆர்ஓவே வேணாம், தடை பண்ணுங்கன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2019லயே சொன்ன விஷயம். அந்தப் பையன் மட்டும் "மேடம், இங்க ஆர்ஓ தேவையில்ல, கிருமிக்கு யூவி மெஷின் போதும், எங்ககிட்டயே இருக்கு, விலையும் கம்மி"ன்னு சொல்லியிருந்தா அங்கயே பணம் கொடுத்திருப்பேன். சத்தியமா. அடுத்த வாரம் கடைக்குப் போயி வேற கம்பெனி யூவி மெஷின் வாங்கிட்டு வந்தோம், கடைக்காரர் நம்பர் கேட்டதுக்கு தர மாட்டேன்னுட்டேன், பேசாம பில் போட்டாரு.

அவங்களுக்கு விக்காமப் போன இன்னொரு மெஷின் மேல் வீட்டு அக்காவோடது. எங்க வீட்டுத் தண்ணி குடிச்சுட்டு நல்லாருக்குன்னு அவங்களும் கேட்டாங்க, ரெஃபர் பண்ணா 500 ரூபா கூப்பன்னு அவங்க நம்பரை நானே கொடுத்துத் தொலைச்சேன். நாலு நாள் கழிச்சு மாடியில இருந்து எட்டிப் பாத்து, "ஏம்மா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்"னாங்க. கூப்பன் இன்னைக்கு வரைக்கும் வரல.

இப்ப எங்க மெஷினைப் பாக்குறது தெருமுனைக் கடை மெக்கானிக் அண்ணன். ஏஎம்சி கிடையாது, அவரு கூப்பிடவே மாட்டாரு, நாங்கதான் கூப்பிடணும். மெஷின் பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஃபில்டர் மாத்துன தேதியை பால்பாயின்ட் பேனால எழுதிட்டுப் போவாரு. போன தடவை ஸ்டிக்கர்ல இடம் இல்ல, எங்க வீட்டு டெய்லி காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சு அதுக்குப் பக்கத்துல ஒட்டியிருக்காரு.