பள்ளிச் சாப்பாடு: கப்பலில் வரும் தானியமா, பக்கத்து வயல் தானியமா?

பள்ளியில் ஒரு வேளை சாப்பாடு போட்டால் பிள்ளைகள் வருவார்கள், அதில் சண்டையில்லை. உதவும் நாடு தானியமாகத் தருவதா, உள்ளூரில் வாங்கிக்கொள்ளப் பணமாகத் தருவதா என்பதில்தான் இழுபறி.

செலவு
கப்பல் தானியம்: பெறும் நாட்டுக்கு இலவசம்போலத் தெரியும். ஆனால் அமெரிக்க உணவு உதவியில் பாதியையாவது அந்நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். வாடகையிலேயே பணம் கரைகிறது.
உள்ளூர்க் கொள்முதல்: பணம் ஊருக்குள்ளேயே சுற்றும். பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கியாக வேண்டும் என்று பிரேசில் 2009-இல் சட்டமே போட்டது.

நிலைப்பு
கப்பல்: திட்டம் முடிந்தால் அடுப்பும் அணையும்.
உள்ளூர்: கென்யாவைப் பாருங்கள். ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்பு 1980-இல் அங்கே தொடங்கிய பள்ளிச் சாப்பாட்டை, 2009 முதல் உள்ளூர்க் கொள்முதல் வழியில் அரசு படிப்படியாக ஏற்று, 2018-இல் முழுவதும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. தட்டில் விழுவது மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்ந்த கித்தேரி. வீட்டிலும் அதுதான் சாப்பாடு. என்ன, பீன்ஸை முதல்நாளே ஊறவைக்காவிட்டால் விறகைத் தின்றுவிடும்.

எளிமை
இதில் கப்பலுக்கே வெற்றி. ஒரே தரம், ஒரே எடை. மூட்டையைப் பிரித்து உலையில் போட வேண்டியதுதான். நூறு சிறு விவசாயிகளிடம் வாங்கினால் ஈரம், பூஞ்சை பார்க்க வேண்டும், கணக்கும் நூறு.

போரும் பஞ்சமும் சூழ்ந்த இடத்துக்குக் கப்பல்தான். வயலே காய்ந்துகிடக்கும்போது யாரிடம் வாங்குவது? மழையும் சந்தையும் ஓரளவு ஒழுங்காக இருக்கும் நாட்டுக்கு, தொடக்கத்தில் குளறுபடி இருந்தாலும், உள்ளூர்க் கொள்முதலையே சொல்வேன்.