கிட்னி கொடுப்பது அம்மாவா, தம்பியா?

வீட்டில் ஒருத்தருக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் சொந்தக்காரர்களின் கண் நேராகப் போய் நிற்பது இளசுகள் மேல்தான். "வயசுப் பையன், தாங்குவான்" என்பார்கள். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இந்தப் பேச்சு சகஜம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தால் தம்பிக்குத்தான் கை ஓங்கும். இளம் கிட்னி பொதுவாகக் கூடுதல் வருஷம் ஓடும். அம்மாவின் திசு பொதுவாகப் பாதிதான் பொருந்தும்; உடன்பிறந்தவர் என்றால் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, துளியும் பொருந்தாமல் போகவும் நாலில் ஒரு வாய்ப்பு. சரி, அது அந்தக் கணக்கு.

கொடுத்தவர் அப்புறம் எப்படி வாழ்வார் என்பது வேறு கணக்கு. மிச்சமுள்ள ஒரு கிட்னி கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் 60, 70 சதவீதத்தைப் பார்த்துக்கொள்ளும், பெரும்பாலானவர்கள் பழைய வாழ்க்கைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் தம்பி செம்பனைக் குலை வெட்டுபவர் என்று வையுங்கள். 20 கிலோ குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் எறியும்போது பாரம் முழுக்க வயிற்றில்தான் இறங்கும், துளை போட்டுச் செய்த ஆபரேஷன் என்றாலும் குறைந்தது ஆறு வாரம் அதைத் தொட முடியாது, வெட்டும் டன்னுக்கு ஏற்பக் கூலி வாங்குபவருக்கு அந்த ஆறு வாரம் அடுப்பு எப்படி எரியும்? அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை, உடம்பு தேறத்தான் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும்.

அதைவிடப் பெரிசு சர்க்கரை. நம் குடும்பங்களில் அது இல்லாத வீடு அபூர்வம். 28 வயதில் ரத்தம் சுத்தமாக இருப்பது 50 வயதுக்கு உத்தரவாதம் இல்லை, 62 வயதிலும் சர்க்கரை எட்டிப் பார்க்காத அம்மா அந்தப் பரீட்சையை ஏறக்குறைய எழுதி முடித்தவர். 2014இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வின் கணிப்புப்படி, கொடுத்தவர்கள் 10,000 பேரில் 90 பேருக்கு ஆயுளுக்குள் கிட்னி செயலிழக்கலாம். அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14 பேருக்கு. குறைவுதான், ஆனால் அந்த ஆபத்து வந்து சேர தம்பிக்கு இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி இருக்கிறது. கல்யாணமாகாத தங்கையைக் கேட்பவர்களுக்கு இன்னொன்று: கொடுத்த பெண்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு 11 சதவீதம், கொடுக்காதவர்களுக்கு 5 என்று 2015இல் ஒரு கனடா ஆய்வு சொன்னது.

அம்மா பக்கமும் ஓட்டை உண்டு. முட்டி வலிக்கு பொன்ஸ்தான் (Ponstan) என்ற வலி மாத்திரை போடுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும், பனடோலோடு (பாராசிட்டமால்) நிறுத்திக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் எகிறினாலோ, சோதனையில் சர்க்கரை தெரிந்தாலோ அம்மா பேச்சு அதோடு சரி, தம்பியைத்தான் கேட்க வேண்டும்.

அதனால் முதலில் அம்மாவைச் சோதிக்கச் சொல்வேன். அவர் கொடுத்த கிட்னி பத்து, பதினைந்து வருஷம் ஓடிக் களைத்தால், தம்பி அப்போதும் இருப்பார், அவர் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும்.