வாங்கிய பாட்டா, ஸ்ட்ரீமிங்கா: மொபைல் டிஜேவுக்கு (நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கே போய்ப் பாட்டுப் போடுபவருக்கு) எது?

செலவு
கோப்பு (வாங்கி டிஸ்கில் வைத்த பாட்டு): தொடக்கத்தில் கையைக் கடிக்கும், பிறகு உங்களிடமே இருக்கும்.
ஸ்ட்ரீமிங்: சந்தா நின்றால் நூலகம் காலி.

நம்பகம்
கோப்பு: 320 கேபிபிஎஸ் எம்பி3யில் நான்கு நிமிடப் பாட்டு சுமார் 10 எம்பி, 5,000 பாட்டு 50 ஜிபிக்குள் அடங்கும். டிஸ்க் பழுதானால் எல்லாம் போச்சு, எனவே இன்னொரு டிரைவில் நகல் கட்டாயம்.
ஸ்ட்ரீமிங்: கூட்டம் சேர்ந்ததும் மொபைல் நெட் திணறும், அடுத்த பாட்டு பாதி லோடாகி நிற்கும். ஆஃப்லைன் வசதி எல்லாத் திட்டத்திலும் இல்லை. உரிமம் முடிந்த பாட்டு சொல்லாமல் மறையும், நீங்கள் வைத்த க்யூ புள்ளிகளும் (பாட்டை எங்கிருந்து தொடங்குவது என்று குறித்த இடங்கள்) வீண்.

விருப்பப் பாட்டு
கூட்டத்தில் ஒருவர் திடீரென்று கேட்கும் பாட்டைத் தேடிப் போடுவதில் ஸ்ட்ரீமிங்தான் ராஜா.

வாராவாரம் நிகழ்ச்சி என்றால் கோப்பு. எந்தப் பாட்டு எடுபடும் என்று பார்த்து வாங்க ஸ்ட்ரீமிங். வீட்டுச் சந்தா பெரும்பாலும் பொது நிகழ்ச்சிக்குச் செல்லாது.