கடற்கரை வாடைக்கும் நுவரெலியாக் குளிருக்கும் ஒரே ஜக்கட்

திருகோணமலை போன்றதொரு கடற்கரை நகரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்குக் குளிர் ஜக்கட் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மார்கழியிலும் இங்கு வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால் அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால், வாடைக்காற்று வீசும் மாதங்களில் நனைந்த சட்டையோடு விடியற்காலையில் கிண்ணியாப் பாலத்தைக் கடப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலத்தில் காற்றை மறிக்க ஒரு மரமோ மதிலோ கிடையாது. மறுகரையை அடைவதற்குள் கிளட்சைப் பிடித்த விரல்கள் விறைத்துவிடும்.

இப்பருவத்தில் நான் அணிந்துவரும் ஜக்கட், நகரத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றில் 14,500 ரூபாய்க்கு வாங்கியது. தோளிலும் முழங்கையிலும் காப்புத் தகடு வைத்த தடித்த பொலியெஸ்டர் மேல் துணி, அதற்குள் ஸிப் போட்டு மாட்டக்கூடிய மெல்லிய மழை அடுக்கு, அதற்கும் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த அடுக்கு என்று மூன்று பகுதிகள் இதில் இருக்கின்றன. கடைக்காரர் பஞ்சு அடுக்கைத்தான் பெரிதாகப் புகழ்ந்தார். பாவித்துப் பார்த்த அளவில், இதில் காசுக்கு ஈடான பகுதி அந்த மெல்லிய மழை அடுக்கே.

துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் உடற்சூட்டைத் தேக்கி வைக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது எதிர்காற்று அந்தத் தேங்கிய காற்றைக் கலைத்துவிட்டால், பஞ்சு எவ்வளவு தடிப்பாக இருந்தும் பயனில்லை. இந்த ஜக்கட்டின் மேல் துணி காற்றை ஓரளவு உள்ளே விடுகிறது. அதை மறிப்பது நடுவிலுள்ள மழை அடுக்கு. ஆகவே நகரத்துக்குள்ளும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும் ஓடுவதற்குப் பஞ்சு அடுக்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடலாம். அதையும் மாட்டிக்கொண்டு மணிக்கூட்டுக் கோபுரச் சந்தி நெரிசலில் நின்றால் முதுகு வியர்த்துவிடும். வேகமெடுத்ததும் அந்த வியர்வையே குளிரத் தொடங்கும்.

மழையில்தான் இதன் பெருங்குறை தெரிகிறது. மழை அடுக்கு உட்புறத்தில் இருப்பதால் உடல் நனைவதில்லை என்பது உண்மை. ஆனால் மேல் துணி நீரைக் குடித்துக் கனத்துவிடுகிறது, மழை விட்ட பின்பும் அந்த ஈரம் ஆவியாகும்போது உடலின் சூட்டையும் சேர்த்து எடுத்துச் செல்கிறது. கந்தளாயில் மழை விட்டாலும் திருகோணமலை வந்து சேரும்வரை நெஞ்சுப் பக்கம் சில்லென்றே இருக்கும். பைகளும் மழை அடுக்குக்கு வெளியே தைக்கப்பட்டிருப்பதால், மார்புப் பையில் வைத்திருந்த காப்புறுதி அட்டை ஊறி எழுத்துக் கலைந்துவிட்டது. இந்த விலைக்கு ஒரு பையையாவது உள்ளே வைத்துத் தைத்திருக்கலாம். கடும் மழையென்றால் இதற்கு மேலே சாதாரண ரெயின் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப் போட்டால், காற்றும் முழுமையாக நின்றுவிடுகிறது.

பஞ்சு அடுக்கு தன் பெறுமதியைக் காட்டியது தை மாதத்து நுவரெலியாப் பயணத்தில். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி வரை அது தேவைப்படவேயில்லை. கம்பளை கடந்து ஏறத் தொடங்கிய பின்பு நிலைமை மாறுகிறது. ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்ற கணக்கில், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நம் கடற்கரையைவிடப் பன்னிரண்டு பாகை குளிர்ந்தது. அங்கே தை, மாசி இரவுகளில் புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. 10 பாகைக் குளிரில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவரின் திறந்த தோலுக்கு அது 5 பாகை போலத்தான் உறைக்கும். நெஞ்சு குளிர்ந்தால் உடல் முதலில் கைகால்களுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத்தான் குறைக்கும் என்பதால், பஞ்சு அடுக்கு விரல்களுக்கும் உதவுகிறது. றம்பொடை வளைவுகளில் பிரேக் பிடிக்க விரல்கள் சொற்கேட்க வேண்டுமல்லவா? ஆனால் அதைப் புசல்லாவையிலேயே நிறுத்தி மாட்டிவிட வேண்டும். விரல் விறைத்த பிறகு அந்தச் சின்ன ஸிப்பின் பல்லைக் கோப்பது பெரும் பாடு.

கழுத்துப் பட்டி விறைப்பாக இருக்கிறது. பொத்தானைப் பூட்டிய பின்பும் தொண்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. குளிர்காற்றுக்கு அந்த வாசலே போதும். மவ்ளர் சுற்றலாம், ஆனால் நுனிகளை ஜக்கட்டுக்குள் செருகிவிட வேண்டும். தொங்கும் துணி சில்லில் சிக்கினால் ஆபத்து. மணிக்கட்டில் உள்ள வெல்குரோ பட்டி மாத்திரம் குறை சொல்ல இடமில்லாத வேலை. வறண்ட குளிரில் கையுறையின் வாயைச் சட்டைக்கைக்கு மேலே இழுத்துவிடலாம்; மழையில் கையுறையைச் சட்டைக்கைக்கு உள்ளே விட்டுப் பூட்டினால், கை வழியே வடியும் நீர் கையுறைக்குள் இறங்காது.

வாங்குபவர்கள் பஞ்சு அடுக்கையும் மாட்டிய நிலையில், மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்து, ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்தே அளவைத் தெரிவு செய்ய வேண்டும். நின்று பார்க்கும்போது பொருந்தும் ஜக்கட், குனிந்ததும் இடுப்பில் ஏறிக் காற்றுக்கு வழிவிடும். மலைநாட்டுப் பயணம் போகாதவர்களுக்கு, பஞ்சு அடுக்கு இல்லாத இரட்டை அடுக்கு வகை அதே கடையில் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மிச்சக் காசில் நல்ல ரெயின் கோட்டும் நீர் புகாத கையுறையும் எடுப்பது நல்லது.