மடுத் திருநாளில் வாங்கிய திருவிவிலியம்

போன ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனபோது அம்மாவுக்காக வாங்கினேன். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, 73 நூல்களும் உண்டு. வீட்டிலிருந்த பழைய வேதப்புத்தகம் 2009இல், இறுதிப் போரில், மாத்தளனோடு போயிற்று.

தனியாக வாங்கிய சிப் உறை நத்தாருக்கு முன்னமே பல்லிளித்துவிட்டது. தாள் மெல்லிசு, மறுபக்கத்து எழுத்து நிழலாடும். 78 வயதுக் கண்ணுக்கு எழுத்தும் சிறிசு என்பதால் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். தமிழ் நல்ல தமிழ். பழசில் முட்டி முட்டிப் போன பவுல் எழுதிய திருமுகங்கள் இதில் தடையில்லாமல் ஓடுகின்றன.

ஆனால் மத்தேயு 25:46இல் எனக்கு ஒரு மனத்தாங்கல். இதில் கடைசித் தீர்ப்பில் ஒரு பக்கத்தாருக்கு ‘முடிவில்லாத் தண்டனை’, மறுபக்கத்தாருக்கு ‘நிலைவாழ்வு’. சபைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவின் பழைய மொழிபெயர்ப்பில் ‘நித்திய ஆக்கினை’, ‘நித்திய ஜீவன்’. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், ஐயோனியோஸ் என்றார் பங்குச் சுவாமியார். யுகம் என்ற சொல்லிலிருந்து வந்தது. முடிவில்லாதது என்றும் கொள்ளலாம், வரும் யுகத்துக்குரியது என்றும் கொள்ளலாமாம். எல்லாரும் கடைசியில் மீட்கப்படுவார்கள் என்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். தண்டனைக்கு முடிவு வைத்தால் வாழ்வுக்கும் வைக்கவேண்டி வருமே என்று திருச்சபை அறிஞர் அகுஸ்தினார் அந்தக் காலத்திலேயே மடக்கிவிட்டார். வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, அது ஒரே சொல் என்று வாசிக்கிறவனுக்குத் தெரியவேண்டாமா?

நான் இவ்வளவு கிண்டுவது அம்மாவால்தான். அண்ணன் பதினாறு வயதிலேயே பூசையை விட்டவன். மாத்தளனில் பங்கர் வாசலில் போய்விட்டான். ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும், கல்லறைத் திருநாளன்று, “அவன் எங்க இருப்பான்?” என்று கேட்பா.

இந்த முறை 1 கொரிந்தியர் 15:22ஐ எடுத்தேன். ஆதாமால் சாகிறவர்களும் ‘அனைவரும்’, கிறிஸ்துவால் உயிர்பெறுகிறவர்களும் ‘அனைவரும்’. அதோடு நிறுத்திப் புத்தகத்தை மூடினேன். அடுத்த வசனம் கிறிஸ்துவுக்கு உரியவர்கள் என்று வரும்.

“அங்கால என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நீ அதையே திருப்பி வாசி” என்றா அம்மா.

மூன்று தரம் வாசித்தேன்.

வயதானவர்களுக்கு வாங்குகிறவர்கள் பெரிய எழுத்துப் பதிப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் உறைக்குக் காசு கொடுக்காதீர்கள்.