முத்துராஜவெலவா, பெத்தகானவா?

கொழும்பை அண்டிய இந்த இரு ஈரநிலங்களில் எதைப் பார்க்கப் போவது? பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடுகளில் எழும் கேள்வி இது. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமானது. ஆனாலும் நம்மில் பலருக்கு ஈரநிலம் என்றால் நுளம்புதான்.

செலவு: பெத்தகானவில் நுழைவு டிக்கெட் மட்டும். முத்துராஜவெலவில் படகுக்கூலி தனி. ஆட்கள் சேர்ந்தால் பங்கு குறையும்.

போக்குவரத்து: பெத்தகான ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையிலேயே இருக்கிறது. மற்றதற்கு நீர்கொழும்புத் திசையில் பாமுனுகம வரை போக வேண்டும்.

நடை: பெத்தகானவில் மரப்பலகைப் பாதை, முதியவர்களும் நடக்கலாம். முத்துராஜவெலவில் படகில் உட்கார்ந்தே எல்லாம். தொப்பி மறந்தால் தலை கொதிக்கும்.

காட்சிதான் பெரிய வேறுபாடு. முத்துராஜவெல, களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே கிடக்கும் பரந்த சதுப்பு. 1802இல் ஆங்கிலேயர் வெட்டத் தொடங்கிய ஹமில்டன் கால்வாயில் படகு நகரும்போது, கரையில் வலை உலர்த்துவோரைப் பார்க்கலாம். உள்ளே போனால் கண்டல் வேர்களுக்கிடையே கபரகொய்யா என்னும் பெரிய நீருடும்பு அசையாமல் கிடக்கும். மரக்கிளை என்றுதான் முதலில் நினைப்பீர்கள். களப்பு இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் இந்த வேர்களே தொட்டில். மழைவெள்ளத்தை உறிஞ்சி மெல்ல விடுவதும் இச்சதுப்பே. அதை மண்போட்டு நிரப்புவோரிடம் எனக்குப் பொறுமை இல்லை.

பெத்தகானவில் பரப்பு சிறிது. பறவைகளோ கிட்டத்தில் தெரியும்.

கைக்குழந்தையோ முதியவரோ உடன் வந்தால், அரைநாளே கையில் இருந்தால், பெத்தகான. மனிதர் சதுப்போடு வாழ்வதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் முத்துராஜவெல, அதுவும் விடியற்காலைப் படகில்.