மூன்று வருட பாக்ஸிங்கும் காயாத கிளவுஸும்

போன வாரம் கிளவுஸின் மணிக்கட்டுப் பட்டை பிய்ந்துபோய், மதுரை சிம்மக்கல் பக்கம் செருப்புத் தைக்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். வாங்கினார், ஊசியில் நூலைக் கோத்தார், கிளவுஸை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனவர் சட்டென்று கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, உள்ள எலி எதுவும் செத்துக் கிடக்கா?" ஊர்ச் செருப்பையெல்லாம் மடியில் போட்டுத் தைக்கிற மனுஷன் கேட்கிறார். எண்பது ரூபாய் வாங்கினார். தையல் அருமை. ஆனால் கடைசி வரைக்கும் உள்ளே ஒரு விரலைக்கூட விடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே செல்லூர் நண்பன் போன் போட்டான். "மாப்ள, முப்பத்தாறாச்சு, தொப்பை முன்னாடி போகுது. கராத்தேவா பாக்ஸிங்கா? நீதான் எல்லாத்தையும் பார்த்தவன், சொல்லு." நான் இருந்த எரிச்சலில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவனுக்கும், அவனைப் போலக் கேட்கிறவர்களுக்கும் மொத்தமாக இங்கே.

என் கணக்கு இது. பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் கராத்தே, பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்து பிரவுன் பெல்ட்டோடு நின்றது. அப்புறம் ரொம்ப வருடம் ஒன்றுமில்லை. அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு சிலம்ப வாத்தியாரிடம் ஐந்து மாதம் குத்துவரிசை, ஆயுதமில்லாமல் வெறுங்கையால் ஆடுகிற நம்மூர்ச் சண்டைக் கலை. கடைசியாக மூன்று வருடமாக பாக்ஸிங், வாரத்தில் நாலு நாள், காலை ஐந்தரை மணிக்கு. முவாய் தாய் என்கிற தாய்லாந்துச் சண்டை எனக்குத் தெரியாது. முழங்கை, முழங்கால் எல்லாம் அதில் உண்டு என்பதோடு என் ஞானம் முடிகிறது, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

கராத்தேயைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் அதிகம், நான் பண்ண மாட்டேன். முஷ்டியை எப்படி மூடுவது, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மூட்டால் மட்டும் அடிப்பது என்பதையெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தது கராத்தே மாஸ்டர்தான். சுண்டுவிரல் பக்கம் பட்டால் புறங்கை எலும்பு முறியும், புதிதாக பேக் (தொங்கவிட்டிருக்கிற குத்துப் பை) குத்துகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது அது. எங்கள் கிளப்பில் வேகமாகக் குத்திக் காட்டுகிறேன் என்று வந்த ஒரு தம்பி இரண்டாவது வாரமே மாவுக்கட்டோடு வந்து நின்றான். ஆனால் கராத்தேயில் ஒரு கை குத்தும்போது இன்னொரு கையை இடுப்புக்கு இழுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தோடு பாக்ஸிங் ரிங்குக்குள் போனால் உங்கள் தாடை வாசல் திறந்த வீடுதான். அதை மறக்க எனக்கு எட்டு மாதம் ஆனது, மூக்கில் இரண்டு தடவை ரத்தம் வந்தது. இன்னொன்று, நாங்கள் ஆடிய கராத்தேயில் ஒரு புள்ளி விழுந்ததும் நடுவர் நிறுத்துவார், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பாக்ஸிங்கில் மூன்று நிமிடமும் மணி அடிக்கிற வரைக்கும் யாரும் நிறுத்த மாட்டார்கள். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பது ரெண்டாவது ரவுண்டில்தான் தெரியும்.

குத்துவரிசையில் நான் மயங்கியது காலடிதான். ஐந்து மாதமும் பெரும்பாலும் கால்தான் பழகினேன், எதிராளி என்று ஒருவரை முன்னால் நிறுத்தி அடிக்கிற வேலை குறைவு. அப்போது அலுப்பாக இருந்தது. பிற்பாடு பாக்ஸிங் கோச் "இந்தக் கால் எங்க பழகுன?" என்று கேட்டபோது வாத்தியாரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகைக் கூட்டத்தில் பின்னாலிருந்து தள்ளியபோது என் கால் பின்னிக்கொள்ளாமல் தானாக நகர்ந்து நின்றது, அதுவும் அந்த ஐந்து மாதத்துக் கூலிதான்.

சரி, கிளவுஸ். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதுதான் என் கோபம். கையில் முதலில் பருத்திப் பட்டை சுற்ற வேண்டும், நாலரை மீட்டர் நீளம். அது ஒரு மணி நேரத்தில் பிழிந்தால் சொட்டும். அதற்கு மேல் கிளவுஸ், உள்ளே ஸ்பாஞ்ச், காற்று போக வழி கிடையாது. மதுரை வெயிலில், ஜன்னலே இல்லாத ஒரு தகரக் கொட்டகையில், வாரம் நாலு நாள். முதல் ஜோடி பன்னிரண்டு அவுன்ஸ் எடை, ரெக்சின் மாதிரி ஒரு துணி, ஆயிரத்து நூறு ரூபாய். நாற்றம் தாங்காமல் ஒரு மே மாதம் மொட்டை மாடியில் காயப்போட்டேன், அக்னி நட்சத்திரம் அதன் தோலை அப்பளமாக உரித்துவிட்டது. இரண்டாவது தோல் கிளவுஸ், பதினாறு அவுன்ஸ், ஸ்பாரிங்குக்கு, அதாவது எதிரே ஆளை நிறுத்தி அடித்துப் பழகுவதற்கு. தோலை வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் வைத்தால் காயாது. பழைய தினசரியைச் சுருட்டி உள்ளே திணிப்பது, ஃபேனுக்குக் கீழே வாயைத் திறந்து வைப்பது, வசம்புத் தூள், கற்பூரம் எல்லாம் பார்த்தாயிற்று. கற்பூரம் போட்டதில் கோயிலில் எலி செத்த மாதிரி ஆனது, அவ்வளவுதான். உருப்படியாக வேலை செய்வது தினசரிதான், அதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கைப்பட்டையை அன்றன்றைக்கே துவைக்க வேண்டும். ஐப்பசி மழையில் அதுவும் காயாது. மூன்று ஜோடி வைத்திருக்கிறேன், கொடியில் எப்போதும் அதுதான் தொங்குகிறது, பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் யாருக்காவது கட்டுப் போட்டிருக்கிறதா என்று கேட்டார். அம்மா கிளவுஸை வீட்டுக்குள் விடுவதில்லை, வண்டியிலேயே இருக்கட்டும் என்று உத்தரவு.

இத்தனைக்கும் நான் பதினொரு கிலோ குறைந்திருக்கிறேன். கோபம் வந்தால் கை ஓங்காமல் தாடையைத் தாழ்த்தி மூச்சை விடப் பழகியிருக்கிறேன், ஆபீசில் அது ரொம்ப உபயோகம். நன்றாக விழுந்த ஒரு இடது நேர்க்குத்தின் சத்தம் பேக்கில் கேட்கிற சுகத்தை வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் மாப்ள, உனக்கு நான் பாக்ஸிங் சொல்ல மாட்டேன். உன் கண்ணாடி மைனஸ் ஏழு. அவ்வளவு பவர் இருக்கிறவர்களுக்கு விழித்திரை பலவீனமாக இருக்கலாம், தலையில் அடி வாங்கினால் அது கிழிந்து பிரிகிற ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அண்ணாநகரில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, முதலில் அங்கே போய் விழித்திரையைக் காட்டு. அவர்கள் வேண்டாம் என்றால் முகத்தில் அடி விழாத வகுப்பாகப் பார், குத்துவரிசைக்குப் போ. வாத்தியாரிடம் நானே கூட்டிப்போகிறேன். எங்கே போனாலும் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேர். வந்த முதல் வாரமே ஸ்பாரிங்கில் இறக்கிவிடுகிற இடம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடு.

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டால், என் பழைய பதினாறு அவுன்ஸை எடுத்துக்கொள். பட்டை புதுசு, தையல் அருமை. புது ஜோடி பார்த்து வைத்திருக்கிறேன், இந்த மாதம் நானூறு ரூபாய் குறைத்திருக்கிறான். இப்போது பழையது மாடிப்படியில் நிழலில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. தினசரி மாற்றுகிற நேரமாச்சு.